என் காலடியில் விழுந்த துரும்பு

என் புருஷன் கூரையிலிருந்து ஒரு துரும்பை உருவினார். அதை இரண்டாகக் கிள்ளி என் காலடியில் போட்டார்.

"இன்னைக்கோட நீ யாரோ, நான் யாரோ" என்றார்.

சுற்றி உட்கார்ந்திருந்த பெரியவர்கள் வெற்றிலையை மென்றபடியே தலையசைத்தார்கள். ஆலயத்தில் பாதிரி ஐயர் முன்பாக நடந்த விவாகம் அந்த வெற்றிலை மெல்லும் நேரத்தில் முடிந்துபோனது என்றே நம்பினேன். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். பெரியவர்கள் சொன்ன அடுத்த வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை.

"பிள்ளை தகப்பன் வீட்டுலயே இருக்கட்டும். இவ மட்டும் போகட்டும்."

என் கிருபாவுக்கு அப்போது நாலு வயது. என் முந்தானையைப் பிடித்திருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை. தலையில் இடி இறங்கின மாதிரி நின்றேன்.

இது நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிதில் நடந்தது. சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் குடியிருந்தோம். என் புருஷன் தங்கையா ஒரு வெடிக் கம்பெனியில் போர்மேன். இரண்டு குடும்பமும் தாத்தா காலத்திலேயே கிறிஸ்து வேதத்துக்கு வந்தவர்கள். ஆனாலும் கல்யாணம் ஆலயத்தில், தீர்த்துவிடுவது துரும்பில் என்கிற பழைய பழக்கம் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. எனக்கு இனிமேல் பிள்ளை தங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவருக்கு ஆண் வாரிசு வேண்டும். அதுதான் காரணம். துரும்பு விழுந்த மறுமாதமே, ஆலங்குளம் பக்கத்துப் பெண் செல்லத்தாயை அவர்கள் ஊர்க் கோயிலில் தாலி கட்டிக் கூட்டி வந்துவிட்டார்.

நான் விருதுநகரில் அப்பா வீட்டுக்கு வந்தேன். அப்பா பருப்பு மண்டியில் எடை போடுகிறவர். "துரும்பு கிள்ளுன பொறவு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போயி கேக்க, தாயி?" என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கிருபாவின் ஒரு கவுன் தவறி என் மூட்டையோடு வந்திருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் ஜெபிப்பேன். ஜெபம் என்றால் என்ன, "ஆண்டவரே, என் பிள்ளை" என்ற மூன்று சொல்தான். அதற்கு மேல் வாய் வராது.

தீபாவளி சீசன் நேரம். நாரணாபுரத்திலிருந்து வந்த ஒரு சகோதரி ஆலய வாசலில் என்னைத் தனியே அழைத்தாள். "ஒங்க வீட்டுக்காரரு ஆர்டர் மிஞ்சிப் போச்சுன்னு வீட்டுலயே வச்சு மருந்து நெரப்புறாக. ஒங்க பிள்ளை அங்கனதான் உக்காந்து திரி எடுத்துக் குடுக்கு. கையில தீப்பட்டு வெந்துபோச்சாம்" என்றாள். வெடிமருந்தைத்தான் எங்கள் பக்கம் மருந்து என்போம். ஆலயப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஆலயப் பெண்கள் ஐக்கியத்தில் ஒரு டீச்சரம்மா இருந்தார்கள். அவர்கள் என்னையும் அப்பாவையும் மதுரைக்குக் கூட்டிப் போனார்கள். எங்கள் ஜில்லா கோர்ட் அப்போது அங்கேதான். வக்கீல் ஐயா நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"கல்யாணம் சர்ச்சுலதானே நடந்துச்சு?"

"ஆமாங்கய்யா."

"அப்ப அவரு துரும்பக் கிள்ளுனா என்ன, பனைமரத்தையே பொளந்து போட்டா என்ன? நீங்க இன்னைக்கும் அவரு பெண்டாட்டிதாம்மா."

நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். இத்தனை மாதம் நாங்கள் அழுதது எதற்காக என்றே தெரியாமல் போயிற்று.

வக்கீல் ஐயா பொறுமையாக விளக்கினார். சில சாதிகளில் துரும்பு வழக்கம் செல்லுமாம். கிறிஸ்தவர்களுக்குச் செல்லாதாம். எங்கள் விவாகத்தை ஜில்லா ஜட்ஜ்தான் ரத்து செய்யலாமாம்; அவர் செய்தாலும் மெட்ராஸ் ஹைகோர்ட் அதை உறுதி செய்ய வேண்டுமாம். பெரியவர்கள் பிள்ளையைப் பற்றிச் சொன்னதும் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாதாம்.

"ஒங்களுக்கு என்ன வேணும்? விவாகரத்தா, ஜீவனாம்சமா, பிள்ளையா?"

"பிள்ளை" என்றேன்.

"அப்ப அதை மட்டும் கேப்போம். சட்டம் மொதல்ல அப்பன் பக்கம்தான் பார்க்கும். ஆனா பிள்ளைக்கு எது நல்லதுன்னு ஜட்ஜ் பார்த்தே ஆகணும். அங்க பிள்ளை எப்படி இருக்குதுன்னு கண்ணால பார்த்தவங்க ஒருத்தரு வந்து சொன்னாப் போதும்."

ஒருத்தர். அந்த ஒருத்தருக்காக நாரணாபுரத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லாரும் பார்த்தவர்கள்தான். ஆனால் எல்லாரும் என் புருஷன் கீழே வேலை செய்கிறவர்கள். ஆலய வாசலில் சொன்ன அந்தச் சகோதரியே, "போர்மேனைப் பகைச்சுக்கிட்டு நாளைக்கு எங்கன போயி வேலை கேக்க, மதினி?" என்று கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை. அவளுக்கும் பிள்ளைகள் இருந்தன.

வாய்தா மேல் வாய்தா போனது. அவர் கோர்ட்டுக்குக் கொடுத்த பதிலை வக்கீல் ஐயா வாசித்துக் காட்டினார். நானே பிள்ளையை விட்டுவிட்டு ஓடிப்போனேனாம். எனக்குச் சித்தம் சரியில்லையாம். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷன் இப்படி எழுதிக் கொடுப்பாரா! எங்கள் ஐக்கியத்துப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசமிருந்து ஜெபித்தார்கள். "ஆண்டவரே, பேசுகிற ஒரு வாயைத் தாரும்" என்பதே எங்கள் மன்றாட்டு.

விசாரணை நாளும் வந்தது. சாட்சி இல்லை. பிள்ளையைக் கொண்டுவரும்படி ஜட்ஜ் சொல்லியிருந்ததால், செல்லத்தாய் கிருபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கோர்ட் வராந்தாவில் நின்றாள். நான் கை நீட்டிக்கொண்டு ஓடினேன். கிருபா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, செல்லத்தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

நான் அன்றைக்குச் செத்துப் பிழைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். "ஆண்டவரே, இனி கேட்க எனக்கு ஒன்றுமில்லை, உமக்குச் சித்தமானதைச் செய்யும்" என்று சுவரில் சாய்ந்தேன்.

வழக்கைக் கூப்பிட்டதும் உள்ளே போனோம். என் புருஷன் வேதபுத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார். எங்கள் வக்கீல் ஐயா சத்தமே போடாமல் கேட்டார்.

"பகல் முழுக்க நீங்க கம்பெனிக்குப் போயிருவீங்க. பிள்ளைய வீட்டுல யாரு பார்த்துக்கிடுறது?"

"ஒரு பொம்பளை இருக்காங்கய்யா."

"யாரு அவங்க?"

அவர் தன் வக்கீலைப் பார்த்தார். "சமையலுக்கு வச்ச ஆளுங்கய்யா."

"சம்பளத்துக்கா?"

"ஆமாங்கய்யா."

"தாலி கட்டலையா?"

"இல்லங்கய்யா. சத்தியமா இல்ல."

கட்டினேன் என்று சொல்லியிருந்தால், மனைவி இருக்க மறுவிவாகம் செய்த குற்றத்துக்கு ஜெயில். அதற்குப் பயந்துதான் அப்படிச் சொன்னார் என்று பிற்பாடு வக்கீல் ஐயா விளக்கினார். ஆனால் கதவு திறந்திருந்தது. வராந்தாவில் நின்றவள் அத்தனையையும் கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, நில்லும்மா!" என்று டவாலிச் சேவகர் கத்துவதற்குள் செல்லத்தாய் உள்ளே வந்துவிட்டாள், பிள்ளையோடு.

"நான் சமையக்காரியா? எங்க ஊரே பாக்கக் கோயில்ல வச்சுக் கட்டுனீகளே, இது என்ன, எனக்குக் குடுத்த சம்பளமா?" என்று தாலியைத் தூக்கிக் காட்டினாள். "மூத்தவளைத் துரும்பு கிள்ளித் தீத்தாச்சுன்னுதானே எங்க அண்ணன்கிட்டச் சொன்னீக? எங்களுக்குள்ள துரும்பு செல்லும். அதை நம்பித்தானே கழுத்த நீட்டுனேன்!"

என் புருஷன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். வக்கீல் ஐயா எழுந்து, இவளையே சாட்சியாக விசாரிக்க அனுமதி கேட்டார். ஜட்ஜ் சரி என்றார்.

கூண்டில் ஏறினவள் தன் வயிற்றெரிச்சலைக் கொட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கிருபாவின் வலது உள்ளங்கையை விரித்து ஜட்ஜுக்குக் காட்டினாள். தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது.

"மருந்துகிட்ட பிள்ளைய வைக்காதீகன்னு எம்புட்டோ சொல்லிட்டேன் சாமி. கேக்கல. ராத்திரியானா அம்மாங்குது. நான்தான் அம்மான்னு சொல்லிப் பாத்தேன், ஒத்துக்கிட மாட்டேங்குது. பெத்தவகிட்டயே குடுத்துருங்க."

இறங்கி நேராக என்னிடம் வந்தாள். "ரொம்ப நாளாச்சுல்ல, அதான் அடையாளந் தெரியாம முழிக்கி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கிருபாவின் காதில், "போ ஆத்தா, இதான் நீ தேடுன அம்மா" என்றாள். பிள்ளை மெதுவாக என் தோளுக்கு மாறினாள். அவள் தலைமுடியில் கந்தக வாடை அடித்தது. அதற்கப்புறம் கோர்ட்டில் நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை.

பிள்ளை தாயிடமே வளர வேண்டும் என்று தீர்ப்பானது. தகப்பன் விரும்பினால் வந்து பார்க்கலாம். இரண்டொரு முறை வந்தார், பிறகு வரவில்லை. மறுவிவாகம் வெளிப்பட்டுவிட்டதால் விவாகரத்துக்கும், அவரை ஜெயிலுக்கு அனுப்பவும் இப்போது வழியிருக்கிறது என்று வக்கீல் ஐயா சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அது என் தீர்மானம். வேறொரு சகோதரி வேண்டும் என்று கேட்டால் அவளைக் குறை சொல்லமாட்டேன்.

விசாரணை நடந்த அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் செல்லத்தாய் போக இடமில்லாமல் நின்றாள். அப்பாதான் போய், "வா தாயி, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ" என்றார். அவள் அண்ணன் ஊரிலிருந்து வந்து அழைத்துப் போகும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். எத்தனை ராத்திரி அவள் பேரைச் சொல்லி, "இவளை அந்த வீட்டிலிருந்து அகற்றும்" என்று ஜெபித்திருப்பேன்! நான் அகற்றச் சொன்னவளைத்தான் கர்த்தர் எனக்குச் சாட்சியாக நிறுத்தினார். இதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் திடுக்கிட்டுப் போகிறேன்.

வருஷங்கள் ஓடிவிட்டன. போன மாதம் கிருபாவுக்கு, முதல் திருவிருந்து வாங்கும் திடப்படுத்தல் ஆராதனை நடந்தது. செல்லத்தாய் பஸ் ஏறி வந்து, நெற்றியில் குங்குமத்தோடு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கிருபா முழங்காலிட்டு, அந்தச் சுருங்கின உள்ளங்கையை நீட்டித் திருவிருந்து அப்பத்தை வாங்கினாள். "ஏன்க்கா, கை வலிக்குமோ?" என்று செல்லத்தாய் என் காதில் கேட்டாள். "இல்லடி" என்றேன். இரண்டு பேரும் அழுதோம்.

இதை வாசிக்கிற சகோதரிகளே, உங்கள் காலடியிலும் யாராவது துரும்பைக் கிள்ளிப் போட்டிருந்தால், எல்லாம் முடிந்தது என்று நம்பிவிடாதிருங்கள். முழங்கால் போடுங்கள். எழுந்ததும் ஒரு நல்ல வக்கீலைப் போய்ப் பாருங்கள். உங்களுக்காகப் பேசும் வாயைக் கர்த்தர் எந்த வாசலிலிருந்து அனுப்புவார் என்று மட்டும் நீங்களே முடிவு செய்யாதிருங்கள். என் பிள்ளையைத் திருப்பித் தந்தவருக்கே சகல மகிமையும்.