ஒட்டுக் காகிதத்தின் எடை

காலை ஏழு இருபதுக்கு விருதுநகரில் அந்த மிளகாய் வத்தல் கிட்டங்கியின் இரும்புக் கதவு திறந்தது. முதலில் கண்ணில் பட்டது தரை. மூட்டைகள் இருந்த இடங்கள் வெளுத்த சதுரங்களாகத் தெரிந்தன. சுற்றிலும் சிவப்புப் பொடி. புது லோடு மதியம் வரும், அதுவரை இடம் உங்களுக்கு என்றார் கிட்டங்கிக்காரர்.

எங்களுக்கு என்றால் என் தங்கையின் கணவருக்கு. ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வேலை முடிந்த சாயங்காலங்களில் ரிமோட் விமானம் பறக்கவிடுவார். போன வருடம் காற்று அதை இழுத்துப்போய் இன்னொரு கம்பெனியின் காயப்போடும் களத்தில் போட்டது. விமானத்தில் பேட்டரி இருந்தது. களத்தில் வெடிமருந்துச் சரக்கு காய்ந்துகொண்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இனி வெளியே பறக்கவிடக் கூடாது என்று தங்கை சொன்னாள். அவரும் மறுக்கவில்லை. நாலு சுவருக்குள் பறந்தால் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் மதுரைக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும்.

தெர்மாகோல் தகட்டில் அவரே செய்தது. கிளம்பியது, வளையத் தொடங்கியது. வளைந்து முடிப்பதற்குள் சுவரில் மோதி விழுந்தது. அதன் விசிறி கிளப்பிய பொடியில் மாப்பிள்ளை, தங்கை, கிட்டங்கிக்காரர், நான் என நான்கு பேரும் தும்மினோம்.

"எங்க வாப்பா காலத்துலருந்து வத்தல் யாவாரம். ஒருநாளும் இம்புட்டுத் தும்முனதில்ல" என்றார் கிட்டங்கிக்காரர்.

எடைதான் காரணம். கனமான விமானம் வேகமாகப் போனால்தான் காற்றில் நிற்கும். அந்த வேகத்தில் சின்ன இடத்துக்குள் திரும்ப முடியாது. சாம்பிள் வத்தல் நிறுக்கும் தராசில் வைத்தோம். ஐம்பத்தெட்டு கிராம். ஐம்பதுக்குள் வர வேண்டும் என்றார் மாப்பிள்ளை. சக்கரங்களையும் கம்பிக் கால்களையும் கழற்றினார்.

"அப்புறம் எப்படி எறங்கும்?" என்றேன்.

"கையில பிடிச்சுக்கிருவோம் மச்சான்."

ஐம்பத்து மூன்று. மறுபடியும் சுவர்.

தங்கை அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் காகிதம், மேலே பசை, அதன்மேல் காகிதம். விழுந்த ஒவ்வொரு முறையும் ஒரு சுற்றுக் கூடியிருந்தது.

"என்னங்க இது, அணுகுண்டு வெடிக்குச் சுத்துற மாதிரி சுத்தி வச்சிருக்கீக?"

"ஒட்டு விடக் கூடாதுல்ல."

"அது கம்பெனியில."

தண்ணீரில் நனைத்த முந்தானை நுனியால் தேய்த்துத் தேய்த்து உரிக்க ஆரம்பித்தாள். அவர் கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார்.

"பிரிஞ்சு போச்சுன்னா?"

"பிரிஞ்சா விழும். இங்கன மருந்தா கொட்டிக் கெடக்கு? வத்தப் பொடிதான."

ஒட்டில் சந்தேகம் வந்தால் இன்னொரு சுற்று ஒட்டச் சொல்வதுதான் இத்தனை வருடமாக அவர் வேலை. அவள் அடிவரை வந்ததும், "அடிச்சுத்து ஒண்ணு மட்டும் இருக்கட்டும்" என்றார். அதை விட்டுவிட்டாள்.

கதவோரம் வெயிலில் காய வைத்துக் காத்திருந்தோம். அவர் எழுந்துபோய் ஒட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பவும் போனார்.

தங்கைதான் கையிலிருந்து விட்டாள். நடக்கிற வேகத்தில் போனது. சுவருக்கு ஒரு கை தூரத்தில் இறக்கை சாய்ந்தது; திரும்பி எங்களை நோக்கி வந்தது. இரண்டாவது சுற்றின்போது வெளியே லாரி ஹாரன் கேட்டது.

"நிக்கட்டும்" என்றார் கிட்டங்கிக்காரர், மேலே பார்த்தபடி.

விசிறியை நிறுத்தியதும் மெல்லத் தாழ்ந்து வந்த விமானத்தைத் தங்கை இரண்டு கைகளாலும் பிடித்தாள்.

மூட்டைகள் இறங்கத் தொடங்கியபோது, அவள் உரித்துப்போட்ட காகிதத்தைப் பொறுக்கித் தராசில் வைத்தேன். நான்கு கிராம்.