என் வீட்டுக்காரர் பேட்டரியைப் பிரித்த நாள்

என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதிலேயே போலியோவில் இரண்டு காலும் போய்விட்டன. செஞ்சியில் வீடு, பக்கத்து அனந்தபுரத்தில் செல்போன் ரிப்பேர் கடை. போய்வர மூன்று சக்கர பேட்டரி வண்டி. அதை யாரும் தள்ளக்கூடாது, தொட்டால்கூடப் பிடிக்காது. அந்த ரோஷத்தைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

போன வருஷம் வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. போகும்போது ஒழுங்காகப் போகும். திரும்பும்போது எங்கள் ஊர் ஏரிக்கரை மேட்டில் படுத்துக்கொள்ளும். போன் வரும், ஓடுவேன், தள்ளுவேன். வழியெல்லாம் தலையைக் குனிந்தே வருவார். ஒருநாள், "கடைய மூடிடலாம்மே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செத்தது பேட்டரிதானே, நீங்களா?" என்று கத்திவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேட்டரியை வாசலில் வைத்துப் பிரித்தார். "மொதல்ல கவரிங் வளையல கழட்டு. மேல பட்டுச்சுன்னா நெருப்பு பறக்கும்." கழற்றினேன். உள்ளே விரல் பருமனில் லித்தியம் செல்கள், வரிசை வரிசையாக. ஒவ்வொரு வரிசையிலும் மீட்டரை வைத்துப் பார்த்தார். எல்லாம் நன்றாகவே இருந்தன. ஒன்று மட்டும் சோர்ந்திருந்தது. "இது ஒண்ணு காலியானா மொத்த பேட்டரியும் நின்னுடும்" என்றார். அந்த வரிசையை மற்றவற்றோடு சமமாக வைக்கும் ஒயரின் முனையில் பச்சை பூத்திருந்தது. சுரண்டினால் சந்தன வாசனை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பேட்டரி மூடியில் குழைத்துப் பூசியது, தண்ணீரோடு உள்ளே இறங்கியிருக்கிறது. எங்கள் ஊரில் பொட்டு வைக்காத வண்டி எது? இருவரும் சிரித்துவிட்டோம்.

முனையைச் சுத்தம் செய்து, அந்த ஒரு வரிசைக்கு மட்டும் தனியாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் ஏற்றினார். சோறுகூட அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார். "சூடாவுதான்னு பாக்கணும், வுட்டுட்டு வர முடியாது." இந்தப் பொறுமையில் கால்வாசி என்னிடம் காட்டியிருந்தால் எங்கள் வீட்டில் சண்டையே வந்திருக்காது. மற்றவற்றோடு அது சமமாக வந்து நின்றபோது, மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

"புதுசு மாதிரி ஆயிடுச்சாங்க?"

"புதுசெல்லாம் ஆவாது. வயசு வயசுதான். போயிட்டு வர்ற அளவுக்குப் போதும்."

மறுநாள் சாயங்காலம் மனசு கேட்காமல் மேட்டில் போய் நின்றேன், தள்ளுவதற்காகப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு. வண்டி வந்தது. என்னைப் பார்த்தார். ஏற்றிக்கொள்ளக்கூட நிறுத்தாமல், ஹாரனை அடித்துக்கொண்டே மேடேறிப் போய்விட்டார். பாவி மனுஷன் என்று திட்டிக்கொண்டும் அழுதுகொண்டும் வீடுவரை நடந்தேன்.