கையால் சுற்றிப் பார்க்காத என்ஜின்

ஃபேன் பெல்ட் அறுந்து வந்த வண்டிக்கு எடுத்ததும் சாவி போடாதீர்கள். இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்கிறேன். ஏன் என்று கேட்டால் பாதிக் காரணம்தான் சொல்வேன். மீதியைச் சொன்னால் என் மானம் போய்விடும். ரிட்டயர் ஆகப்போகிறேன், போனால் போகட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையில் ஒரு சர்வீஸ் ஷெட்டில் நான் சீனியர் மெக்கானிக். எந்த வண்டி வந்தாலும் "குமாரண்ணன் இன்னா சொல்றாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பார்கள். டேவிட் வரும்வரை அப்படித்தான் இருந்தது.

டேவிட் ஒரு என்ஜின் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் காண்ட்ராக்டில் இருந்தவன். அந்த லைனை நிறுத்தியதும் எங்களிடம் வந்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். டைமிங் பக்கம், அதாவது பிஸ்டனும் வால்வும் ஒன்றையொன்று இடிக்காமல் ஓடுகிற கணக்கில், சந்தேகம் என்றால், ஸ்டார்ட்டர் அடிப்பதற்கு முன் கிராங்க் புல்லி என்கிற கீழ்ச் சக்கரத்தில் ராட்செட் ஸ்பேனரை மாட்டி, என்ஜினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுவான். உள்ளே எங்காவது இடித்தால் கையே சொல்லிவிடுமாம். "இன்னாடா, இட்லிக்கு மாவாட்டுறியா?" என்று கேட்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே சுற்றுவான். கோபப்பட்டுத் தொலைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கொஞ்ச நாளில் கஸ்டமர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். முதலாளியும் பெரிய என்ஜின் வேலை வந்தால் அவனைத்தான் கூப்பிட்டார். எனக்குப் பொறாமை. வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? அவன் நிம்மதியாகச் சாப்பிடுவதைப் பார்த்தாலே எனக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் மதியம் ஒரு டீசல் வண்டியை டோ பண்ணிக் கொண்டுவந்தார்கள். குன்றத்தூரிலிருந்து வல்லம் வடகால் கம்பெனிகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றுகிற வண்டி. டிரைவர் சதீஷ், ஒரு டிராவல்ஸில் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்.

"இன்னா ஆச்சு?" என்றேன்.

"பேட்டரி லைட்டு எரிஞ்சுதுண்ணே. ஸ்டீரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. ஒடனே ஓரங்கட்டிட்டேன். ஆஃப் பண்ற வரைக்கும் இஞ்சின் நல்லாதான் ஓடிக்கினு இருந்துச்சு."

பானெட்டைத் திறந்தால் ஃபேன் பெல்ட் நார்நாராகக் கிடந்தது. ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங், வாட்டர் பம்ப் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. சூடு ஏறியிருக்குமோ என்று பார்த்தேன். கூலன்ட் குறையவில்லை, ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. சதீஷ் சொன்னது உண்மைதான், உடனே நிறுத்தியிருக்கிறார். அவர் தன் டிராவல்ஸ் முதலாளிக்கு போன் போட வெளியே போனார்.

இன்னும் ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. அறுந்த பெல்ட்டின் நார் சில சமயம் கிராங்க் புல்லிக்குப் பின்னால் புகுந்து, டைமிங் கவருக்குள் போய்விடும். அப்படியே ஸ்டார்ட்டர் அடித்தால் நார் டைமிங் பெல்ட்டில் சிக்கி, டைமிங் தாண்டி, பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். இது எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் கவரைக் கழற்ற முக்கால் மணி நேரம் ஆகும். வேறொரு வண்டியை டிரையல் பார்க்கப் போன டேவிட் அதற்குள் வந்துவிடுவான், வந்து ராட்செட்டை எடுப்பான். அவன் வருவதற்குள் "ஒண்ணுமில்ல, பெல்ட்டு மட்டும்தான்" என்று நான் சொல்லி முடித்துவிட வேண்டும். வெளியே தெரிந்த நாரைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன்.

டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் ஸ்டார்ட்டர் தடையே இல்லாமல் லேசாகச் சுற்றியது. வால்வு மூடாமல் கம்ப்ரெஷன் போய்விட்டது. சாவி போட்டதை மறைத்து, உள்ளே ஏதோ போயிருக்கிறது, ஹெட்டை இறக்க வேண்டும் என்று மட்டும் முதலாளியிடம் சொன்னேன்.

மறுநாள் ஹெட்டை இறக்கிப் பார்த்ததில் நாலு வால்வு வளைந்திருந்தது. டைமிங் கவருக்குள் நார் சுருண்டு கிடந்தது. வளைந்த வால்வைப் பார்த்து அது ரோட்டில் வளைந்ததா, ஷெட்டில் வளைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் முதலாளி, வண்டியைப் பார்க்க வந்த டிராவல்ஸ்காரரிடம், "பெல்ட்டு போனப்புறமும் உங்க ஆளு நிறுத்தாம ஓட்டியிருக்காரு, அதான் வால்வு வளைஞ்சிருக்கு சார்" என்றார்.

டிராவல்ஸ்காரர் சதீஷைப் பார்த்து, "நாளைலேர்ந்து நீ வண்டிய எடுக்க வேணாம்" என்றார்.

"சத்தியமா ஒடனே நிறுத்திட்டேன் சார். இந்த அண்ணன் கைல கூட சொன்னேன்" என்று சதீஷ் என்னைப் பார்த்தார். நான் துடைத்த ஸ்பேனரையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

டேவிட் என்னைக் கம்ப்ரஸர் பக்கம் கூப்பிட்டான்.

"அண்ணே, நேத்து நீங்க சாவி போட்டப்ப நான் ஷெட்டு கேட்டாண்ட வந்துக்கினு இருந்தேன். சத்தம் கேட்டுச்சு."

"அதுக்கு இன்னா இப்போ?"

"அந்தாளு வேலை போவுதுண்ணே. ரெண்டு புள்ளைங்க கீது. சாவி போட்டது நான்தான்னு சொல்லிடறேன். நீங்க சீனியர், உங்க பேரு கெட வேணாம்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தப்பு செய்தது நான். அதை ஒப்புக்கொண்ட பெரிய மனுஷன் என்ற பெயர் இவனுக்கா? அதையும் இவனே எடுத்துக்கொள்ள வேண்டுமா? அவனைத் தோளால் தள்ளிவிட்டு, முதலாளியும் டிராவல்ஸ்காரரும் நின்ற இடத்துக்கு நடந்தேன். ஓடினேன் என்றே சொல்லலாம்.

"சாவி போட்டது நான்தான் சார். கவரைக் கழட்டிப் பாக்காம போட்டேன். வால்வு வளைஞ்சது இங்கதான். டிரைவர் மேல தப்பு இல்ல" என்றேன்.

முதலாளி எல்லோர் முன்னாலும் என்னைக் கிழித்தார். அன்றோடு என்ஜினில் என்ன கோளாறு என்று பார்க்கிற டயக்னோசிஸ் வேலை டேவிட் கைக்குப் போனது. நான் கிளட்ச், பிரேக் பார்க்கிறேன். நான் செய்த காரியத்துக்கு அது சரிதான். பெல்ட் அறுந்த வண்டியை இப்போது எங்கள் ஷெட்டில் எல்லோருமே முதலில் கையால்தான் சுற்றுகிறார்கள்.

சதீஷுக்கு வேலை போகவில்லை. பார்க்கும் இடத்திலெல்லாம், "குமாரண்ணன் மாதிரி நேர்மையான ஆள் கெடைக்க மாட்டாங்க" என்கிறார். நான் அன்றைக்கு எதற்காக அப்படி ஓடினேன் என்பது டேவிட்டுக்கு மட்டும்தான் தெரியும். அவன் இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. அதற்கும் எனக்கு வயிறு எரிகிறது.