அவள் அக்கா, நான் அம்மா

யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்தபோது நானும் என் தோழியும் ஒரே லொறியில் வந்தோம். அவளுடைய காணி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், என்னுடையது இந்தப் பக்கம். கிளிநொச்சிச் சந்தைக்குச் சேர்ந்துதான் போவோம். பிள்ளைப்பேற்றுக்கு அவளுக்கு நான் துணை, எனக்கு அவள். ஊரில் மாதர் சங்கம் தொடங்கியதும் நாங்கள்தான். நான் தலைவி, அவள் செயலாளர்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து சில குடும்பங்கள் வந்து காட்டோரம் குடிசை போட்டன. அவர்களும் தமிழர்தான். ஆனால் எங்கள் ஆட்கள் அவர்களைத் ‘தோட்டக்காட்டார்’ என்று ஒதுக்கினார்கள். களை பிடுங்கக் கூப்பிடுவார்கள். பொதுக்கிணற்றில் அள்ள விடமாட்டார்கள். அந்தப் பெண்கள் குடிப்பதற்கும் வாய்க்கால் தண்ணீரைத்தான் சுமந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி என் தோழியின் வயலுக்கு வேலைக்கு வந்தாள். எங்கள் வயதுதான். தோட்டத்தில் தொழிற்சங்கக் கூட்டங்களில் பேசிப் பழகியவள். யாருக்கும் தலை குனியமாட்டாள். பின்னேரங்களில் என் வீட்டுக்கு வரும் தோழி மெல்ல மெல்லக் காட்டோரம் போகத் தொடங்கினாள். வந்தாலும் அந்தப் பெண்ணுடைய கதைதான். வரம்பில் எதிர்ப்பட்டால் அந்த மலைநாட்டுக்காரி தோழியை “அக்கா” என்பாள். என்னைக் கண்டால், “கும்பிடுறேங்கம்மா.” அந்த ‘அம்மா’ எனக்கு முள்ளாகக் குத்தியது.

ஒரு ஞாயிறு சங்கக் கூட்டத்தில் தோழி எழுந்து நின்றாள்.

“காட்டோரத்துப் பொம்பிளையளையும் எங்கட சங்கத்தில சேர்க்கவேணும். பொதுக்கிணத்திலயும் அவையள் அள்ளவேணும்.”

“தோட்டக்காட்டாரோட ஒரே கயித்தைப் பிடிக்கிறதோ? உமக்கென்ன விசரே?” என்று சத்தம் எழும்பியது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் தோழியின் எண்ணம்தான். ஆனால் இதைப் பற்றி அவள் என்னிடம் மூச்சுக்கூட விடவில்லை. காட்டோரத்தில் கதைத்து முடிவெடுத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். “அடுத்த கூட்டத்தில பாப்பம்” என்று முடித்துவிட்டேன்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள். “ஏனடி ஒண்டும் கதைக்கேல்லை?”

“எனக்கு முன்னமே சொன்னனியோ?”

“உனக்கு என்னத்தைச் சொல்லுறது? உனக்கும் இதே எண்ணந்தானே.”

என் மேல் வைத்த நம்பிக்கையில்தான் அப்படிச் சொன்னாள். எனக்கு அது அன்று ஏறவில்லை.

அப்படி என்னதான் இருக்கிறதென்று பார்க்க மறுநாள் நானே காட்டோரம் போனேன். அந்தப் பெண் சாக்கை விரித்து, “உக்காருங்கம்மா” என்று சொல்லித் தேத்தண்ணி தந்தாள். அப்போது அவளுடைய சின்ன மகள் ஓடிவந்தாள். பிள்ளையின் உடம்பில் பச்சைப் பூப்போட்ட சட்டை. தைப்பொங்கலுக்கு நான் தோழிக்கு ஆசையாய் வாங்கிக் கொடுத்த துணி!

“அக்கா தச்சுக் குடுத்தாங்க” என்றாள் தாய், பெருமையாக.

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். அங்கேயே சொல்லிவிட்டேன்: “நாளையிலயிருந்து என்ர வளவுக் கிணத்தில வந்து அள்ளுங்கோ. எல்லாரும் வாங்கோ.”

தோழி துணிதானே கொடுத்தாள், நான் கிணற்றையே கொடுக்கிறேன் என்ற வீம்பு.

“இனிச் சொந்தக்காரர் எங்கட வீட்டில கை நனைக்கமாட்டினம்” என்றார் அன்றிரவு என் கணவர்.

“நனைக்காட்டில் விடட்டும்.”

காலையில் குடங்களோடு வந்தார்கள். கிணற்றடி கலகலத்தது. தோழி வாய்க்காலைத் தாண்டி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவளும் கொஞ்சம் பொறாமைப்படுவாள் என்று காத்திருந்தேன். அவளிடம் அது மருந்துக்கும் இல்லை.

அந்தக் கிழமையே யாரோ என் கிணற்றுக் கயிற்றை வெட்டிப்போட்டார்கள். “நாங்க வாய்க்காலுக்கே போயிர்றோங்கம்மா. எங்களால ஒங்களுக்கு ஏன் வம்பு?” என்றாள் மலைநாட்டுக்காரி. அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் வீம்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. “ஒருத்தரும் போகக்கூடாது” என்று கத்தினேன். மாட்டுக் கயிற்றை அவிழ்த்து வந்து வாளியில் கட்டினேன்.

அடுத்த கூட்டத்தில் நானே பேசினேன். “அவையள் அள்ளுற கிணத்துத் தண்ணியைத்தான் நானும் குடிக்கிறன். அவையளோட ஒண்டா இருக்கேலாதெண்டிறவை எழும்பிப் போகலாம்.” சிலர் போனார்கள். போனவர்களில் என் மச்சாளும் ஒருத்தி. மிச்சப் பேர் கை உயர்த்தினார்கள். பொதுக்கிணறு திறக்க இன்னொரு கோடை போனது, ஆனாலும் திறந்தது.

பிறகு காட்டோரப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக அதிகாரிகளிடம் போகவேண்டி வந்தது. தலைவி நான்தான் போகவேண்டும். ஆனால் அன்று என் கடைசிப் பிள்ளைக்குக் காய்ச்சல். தோழியும் மலைநாட்டுக்காரியும் பஸ் ஏறினார்கள். பொழுதுபட, காரியத்தை முடித்துக்கொண்டு திரும்பினார்கள். படலையிலிருந்தே ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்தபடி அப்படியொரு சிரிப்பு.

“என்னடி, சொல்லுங்கோவன்” என்றேன்.

பஸ்ஸில் ஒரு மனிதருடைய கோழி கூடையிலிருந்து தப்பி, கொண்டக்டரின் தோளில் ஏறி இருந்ததாம். மாறி மாறிச் சொன்னார்கள். சொல்லி முடிக்க முடியாமல் மறுபடியும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகளைச் சேர்க்க அதிகாரிகள் சம்மதித்துவிட்டார்கள் என்ற சந்தோஷம் நெஞ்சு நிறைய இருந்தது. அந்தக் கோழியை நான் காணவில்லையே என்ற எரிச்சலும் அதே அளவுக்கு இருந்தது. குசினிக்குள் போய் மூன்று பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன்.