சக்கரமில்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழம்

எங்கள் பட்டறையிலிருந்து எந்த வண்டி வெளியே போனாலும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் அனுப்புவேன். லாரியானாலும் சரி, ஆள் மிதித்து ஓட்டும் டிரைஷாவானாலும் சரி. சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் நானும் என் கூட்டாளியும் சேர்ந்து நடத்திய பட்டறை அது. மரவேலை அவனுடையது, வண்ணப்பூச்சு என்னுடையது. அவன் மாதா கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் என் கற்பூரத்தையும் பழத்தையும் பார்த்து ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு வெள்ளைக்கார அம்மா கொண்டுவந்த வண்டிக்குச் சக்கரமே இல்லை. பனி பெய்யும் அவர் ஊரில் குதிரை பூட்டி ஓட்டுகிற சறுக்குவண்டி. சக்கரத்துக்குப் பதில் இரண்டு பக்கமும், முன்னால் மேல்நோக்கி வளைந்த நீளக் கட்டைகள். கணவரின் தாத்தா காலத்து வண்டியாம். போர் முடிந்த பிறகு கப்பலில் கொண்டுவந்து வராந்தாவில் நிறுத்தி, அதில் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். கரையான் சும்மா விடுமா? இடது கட்டை பாதி போயிருந்தது. கணவர் இறந்ததும் அந்த அம்மா ஊர் திரும்ப முடிவு செய்துவிட்டார். கிறிஸ்துமஸ் அன்று பேத்தியை அந்த வண்டியில் உட்காரவைத்துக் கோயிலுக்குப் போகவேண்டும், அதுதான் அவர் ஆசை.

கூட்டாளி புதுக் கட்டை செய்தான். மரத்தைத் தகரப் பீப்பாயில் ஆவியில் வேகவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தான். இரண்டு உடைந்தன, மூன்றாவது பணிந்தது. எல்லாம் முடிந்த சாயங்காலம் நான் இரண்டு பழங்களை வைத்து வண்டியை இழுக்கச் சொன்னேன். பழங்கள் நசுங்காமல் கட்டைக்கு முன்னால் உருண்டு ஓடின. லாரி எடுக்க வந்திருந்த டிரைவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“விடு லா. இதுக்குச் சக்கரமா இருக்கு? சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது,” என்றான் கூட்டாளி.

“உனக்கென்னடா தெரியும்?” என்றேன். முன்பக்கத்தைத் தூக்கிப் பழத்தின்மேல் போடச் சொன்னேன். டிரைவர்கள் போட்டார்கள். பழம் நசுங்கியது. கூடவே வளைவில் ‘படக்’கென்று ஒரு சத்தம்.

நகம் நுழையாத விரிசல்தான். ஆனால் மறுநாள் காலை அந்த அம்மா வந்துவிடுவார், இன்னொரு கட்டை வளைக்க நாள் இல்லை. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, மேலே சிவப்பு வண்ணம் பூசினேன். சும்மா சொல்லக்கூடாது, பூசிய பிறகு என் கண்ணுக்கே தெரியவில்லை.

காலையில் வந்தவர் அந்த வளைவைத் தடவிப் பார்த்து மகிழ்ச்சியில் அழுதார். கூட்டாளிக்குப் பொறுக்கவில்லை. அவனுக்கு ஆங்கிலம் வராது, அவர் பேசும் மலாய் மொழி மீன் வாங்கத்தான் காணும். “உள்ள விரிசல் இருக்குன்னு சொல்லுடா. புள்ள உட்கார்றதுக்கு முன்னாடி கட்டைய மாத்தணும்னு சொல்லு,” என்றான். அந்த அம்மா என்னைப் பார்த்தார். வண்டியை ஈரத்தில் வைக்க வேண்டாம் என்று அவன் சொல்வதாக ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அவன் கையைப் பிடித்து நன்றி சொல்லி, தன் ஊர் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவர் சிரித்த முகத்திலேயே அவனுக்குத் தெரிந்திருக்கும்.

“கடுதாசி போட்டியா?” என்று வாராவாரம் கேட்டான். போடுகிறேன், போடுகிறேன் என்று நாளைக் கடத்தினேன். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான். மறந்துவிட்டான் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பொங்கல் சமயத்தில் அவன் பெயருக்கு வெளிநாட்டுக் கடிதம் ஒன்று வந்தது. உளியைக் கீழே வைக்காமலே, “படிச்சுச் சொல்லு,” என்று என்னிடம் நீட்டினான்.

அவனுடைய கோயில் உபதேசியார் எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு அது பதில். வண்டியைக் கீழே போட்டது தன் தவறு என்று அவன் எழுதச் சொல்லியிருக்கிறான். என் தவறை அவன் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தான்.

“கட்டைய மாத்திட்டாங்களாம். புள்ள நல்லபடியா கோயிலுக்குப் போய்ட்டு வந்துச்சாம்,” என்றேன்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தான். நான் படிக்காமல் விட்ட வரி ஒன்று இருந்தது. தன் தவறைத் தானே முன்வந்து சொல்கிற மனிதரை அதிகம் பார்த்ததில்லை, பேத்திக்கு உங்கள் பெயரைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், தினமும் ஜெபத்தில் அதைச் சொல்கிறாள் என்று அந்த அம்மா எழுதியிருந்தார்.

அறுபதுகளின் நடுவில் நெஞ்சுவலி வந்து அவன் போய்விட்டான். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது அந்தக் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. அவன் மனைவியிடமாவது படித்துக் காட்டியிருக்கலாம், அதற்காகத்தான் எடுத்துப் போயிருந்தேன். படித்தால் யார் தவறு என்றும் சொல்லவேண்டி வரும். கடிதத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.