செங்கமாரிக்கு அரைத்த இலை

எண்பதுகளின் நடுப்பகுதியில், இயக்கத்துக்கும் போகாமல் வெளிநாட்டுக்கும் போகாமல் வீட்டில் இருந்த என்னைப் போன்ற பெடியன்களை ஊரில் யாரும் மதிப்பதில்லை. ஆமிக்காரன் மட்டும் மறக்காமல் தேடி வருவான். எங்கள் வீடு வடமராட்சிக் கரையில். இந்தியாவுக்குக் கள்ளமாக ஆட்களை ஏற்றும் வள்ள ஓட்டி ஒருவர் என்னையும் கூட்டிப்போகச் சம்மதித்திருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் எனக்குச் செங்கமாரி வந்தது. கண், நகம் எல்லாம் மஞ்சள். ஓட்டி என் கண்மடலை இழுத்துப் பார்த்தார்.

"கடலிலை சத்தியெடுத்தே செத்துப்போவாய், தம்பி. கண் வெளுக்கட்டும், கூட்டிக்கொண்டு போறன்."

அன்றிலிருந்து பின் அறையே கதி. ஒரு பக்கம் ஆமி, மறுபக்கம் கடல், நடுவில் உப்பில்லாச் சோறு.

அம்மா கீழ்க்காய்நெல்லி தேடி வெளிக்கிட்டார். மாரி முடிந்த நேரம், வெங்காயத் தோட்டங்களின் வாய்க்கால் ஓரத்தில் அது களையோடு களையாக நிற்கும். இலைகளுக்குக் கீழே கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்கும். வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கி வீடு சேரும்வரை யாரோடும் கதைக்கக்கூடாது. நோயாளி இலையைக் காணவும் கூடாது. வாய் ஓயாத அம்மா விடிய வெள்ளன ஓலைப்பெட்டியோடு ஊமையாக வருவதை ஜன்னலால் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். அம்மியில் அரைத்து ஆட்டுப்பாலில் கரைத்துத் தருவார். கொஞ்சம் கொஞ்சமாகக் கண் தெளியத் தொடங்கியது.

அப்போதுதான் சுற்றிவளைப்பு வந்தது. எங்கள் ஒழுங்கையில் இருந்த இளந்தாரிகளை எல்லாம் வெளியே இழுத்தார்கள். என் சேட்டுக் கொலரைப் பிடித்த ஆமிக்காரன் முகத்தைத் தூக்கிப் பார்த்தான். கண்ணில் மிச்சமிருந்த மஞ்சளைக் கண்டதும் கையை எடுத்துத் தன் காற்சட்டையில் துடைத்தான். வருத்தக்காரன், தொட்டால் தொத்தும் என்று சிங்களத்தில் மற்றவனுக்குச் சொல்லிவிட்டு என்னை விட்டுப் போனான். பக்கத்து வீட்டு அண்ணையை ட்ரக்கில் ஏற்றினார்கள். அவர் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு என் கண் வெளுக்கவேயில்லை. மருந்தும் தவறவில்லை, பத்தியமும் தவறவில்லை. ஓட்டி வந்து பார்ப்பார், தலையை ஆட்டிவிட்டுப் போவார். ஒவ்வொரு வாகனச் சத்தத்துக்கும் எழும்பி ஜன்னலை மூடினேன். அம்மாவோ நல்ல ஆறுதலாக இருந்தார். அந்த ஆறுதலைக் காணத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் அம்மா கிணற்றடியில் நின்ற நேரம் அறைக்குள் இருக்க முடியாமல் குசினிக்குப் பின்னால் போனேன். அம்மியடிக் குப்பையில் கீழ்க்காய்நெல்லி வேர்களோடு அகத்திக் காம்புகளும் கிடந்தன, அன்றைக்கு உருவியவை. நாட்டு மருந்து குடிப்பவனுக்கு அகத்தி ஆகாது, மருந்தை முறித்துவிடும் என்பது எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மருந்தையும் அதன் முறிப்பையும் ஒன்றாகவே அரைத்துத் தந்திருக்கிறார்.

காம்புகளை அள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

"என்னம்மா இது?"

அம்மா மறைக்கவில்லை. "மஞ்சள் கண்ணோடை இருந்தால் ஆமியும் உன்னைக் கொண்டுபோகாது, கடலும் கொண்டுபோகாது. வள்ளங்களைச் சுடுறாங்கள், மோனை."

"எவ்வளவு காலத்துக்கு இப்பிடி?"

"எனக்குத் தெரியேல்லை."

"இப்பிடி இருக்கிறதுக்கு அண்டைக்கே அவங்கள் என்னைக் கொண்டு போயிருக்கலாம்" என்றேன். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் பொய்யில்லை.

அடுத்தநாள் விடிய, கீழ்க்காய்நெல்லியைக் கழுவி, முறையை மீறி என் கண் முன்னாலேயே அம்மியில் வைத்தார்.

"என்ரை கையாலை அரைச்சு உன்னைக் கடலுக்கு அனுப்ப ஏலாது. நீயே அரை."

எனக்கு அம்மி பழக்கமில்லை. குழவி வழுக்கியது, இலை மசியவில்லை. அம்மா பக்கத்தில் குந்தியிருந்து, அழுதுகொண்டே, இலை மசிவதற்கு அளவாகக் கையால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.