சொய்லாவின் ஒன்பது பேர்

சொய்லா சுங்காவைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்றால் அது நானாகத்தான் இருக்க வேண்டும். அவள் பிழைப்பில் மண் விழுந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெரிய பங்கு அந்த லீமா கம்பெனிக்கு. அவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் செலெஸ்தினோ, ஊருக்குத் தோன் செலே. சிம்போத்தே துறைமுகத்துக்குப் போகிற தெருவில் கபினா வைத்திருக்கிறேன். பன்னிரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், முக்கி முனகி வருகிற இன்டர்நெட்.

சொய்லா பதினாறு வயதில் மீன் டப்பா ஆலைக்குப் போனவள். கல்யாணமாகி நிறைமாதமாக இருந்தபோது புருஷன் போன படகு மூன்று நாள் திரும்பவில்லை. படகுக் கம்பெனி வாசலில் போய் நின்றாள். காவலாளி, "நாளைக்கு வா" என்றான், மூன்று நாளும். எஞ்சின் பழுதாகித் தெற்கே ஒரு துறையில் படகு பத்திரமாக நின்றிருந்தது. உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். வாசலில் நின்றவளிடம் சொல்லத்தான் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

அந்த ஆத்திரம் அவளுக்குத் தீரவே இல்லை. பின்னால் ஊர்ப் பத்திரிகையில் டெலிபோன் எடுக்கிற வேலை கிடைத்தது. பத்திரிகை இணையத்தில் பக்கம் போட ஆரம்பித்ததும் முதலாளி தோன் அதால்பெர்தோவிடம் கெஞ்சி ஒரு பக்கத்தை வாங்கிக்கொண்டாள். எந்தப் படகு எப்போது கிளம்பியது, கடைசியாக எங்கே பார்த்தார்கள், எப்போது திரும்பும்: விடியற்காலையில் பத்து இடத்துக்கு போன் போட்டு ஆறு மணிக்குள் பட்டியலை ஏற்றிவிடுவாள். நெத்திலிப் பருவத்தில் இந்த ஊரில் பாதி வீடு அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அடுப்பைப் பற்றவைத்தது.

இரண்டாயிரத்து ஆறு, ஜூன் மாதம். தலைநகர் லீமாவில் உவெய்யா என்று ஒரு சேவை தொடங்கினார்கள். உவெய்யா என்றால் காலடித் தடம். உங்கள் பக்கத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிக் கலர் கலராகப் படம் போட்டுக் காட்டுமாம், அதுவும் இலவசமாக. தோன் அதால்பெர்தோவுக்குத் தலைகால் புரியவில்லை. "மாசக் கடைசி நாள் கணக்குல முந்நூறு பேர் வராத பக்கத்தையெல்லாம் தூக்கிருவேன், அதைப் பாக்குற ஆளையும் சேத்து" என்று அறிவித்துவிட்டார்.

சொய்லா சிரித்தாள். "முந்நூறா? எனக்கு ஆயிரம் பேர் இருக்காங்க, தோன் செலே" என்று என்னிடம் வந்து சொன்னாள்.

தொடங்கின அன்றைக்கே அந்தச் சேவை படுத்துவிட்டது. நாடு முழுக்க ஒரேயடியாக வந்து மோதினால் தாங்குமா? மூன்று நாள் உள்ளேயே நுழைய முடியவில்லை. நுழைந்த பிறகு ஏழு நாள் சைபர். ஒருநாள் காலையில் நாலாயிரத்து இருநூறு என்று காட்டியது. முதலாளி அவளைக் கட்டிப்பிடிக்காத குறை. சாயங்காலம்தான் தெரிந்தது, அது கூஸ்கோவில் இருக்கிற ஏதோ ஓட்டலின் கணக்காம், ஆள் மாறி இவள் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

தினமும் என் கபினாவிலிருந்துதான் கம்பெனிக்குப் போன் போடுவாள்.

"செனோரா, எழுபத்திரெண்டு மணி நேரத்துல சரியாயிடும்."

"போன வாரமும் இதே எழுபத்திரெண்டைத்தான் சொன்னீங்க."

"அது வேற எழுபத்திரெண்டு, செனோரா."

எனக்கு வந்த கோபத்துக்கு ரிசீவரைப் பிடுங்கி, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அந்தப் பிள்ளை பாவம், சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறது. திட்டுவதற்கு வேறு யாரும் அகப்படவில்லையே.

பன்னிரண்டாம் நாளிலிருந்து ஒன்பது என்று வந்தது. மறுநாளும் ஒன்பது. அதற்கு மறுநாளும் ஒன்பது. நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம். சைபராக இருந்தபோது கெட்டிருந்தது, நாலாயிரமாக இருந்தபோதும் கெட்டிருந்தது, ஒன்பது மட்டும் என்ன வாழ்கிறது? சொய்லா முதலாளியிடம் போய், "இன்னும் சரியாகல, தோன் அதால்பெர்தோ, இதை நம்பாதீங்க" என்று தினமும் சொன்னாள். நானும் அவளை அப்படியே சொல்லச் சொன்னேன்.

கடைசி நாளுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, கம்பெனியிலிருந்து விஷயம் தெரிந்த ஒரு பெண் ஒருவழியாகப் போனுக்கு வந்தாள். "செனோரா, நாங்க எல்லாத்தையும் சரிபார்த்துட்டோம். உங்க கணக்கு சரிதான். ஒம்பது மெஷின்லதான் உங்க பக்கத்தைத் தொறக்குறாங்க."

சொய்லா போனை வைத்துவிட்டு என் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். வெளியே இருபது பெண்கள் நின்று அன்றைய பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார்கள். எழுத்துத் தெரிந்தவள் உரக்கப் படிக்க, தெரியாதவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது நான் ஒட்டின காகிதம். படகு வந்ததா என்று ஒரு பார்வை பார்ப்பதற்குக் காசு கொடுத்து உள்ளே உட்கார முடியுமா அவர்களால்? அதனால் காலையில் நான் ஒரு தடவை திறந்து, பிரிண்ட் போட்டுக் கதவில் ஒட்டிவிடுவேன். என்னைப் பார்த்து மற்றக் கபினாக்காரர்களும் ஒட்ட ஆரம்பித்தார்கள்.

"இந்த மாதிரி ஒட்டுற கபினா மொத்தம் எத்தனை, தோன் செலே?"

விரல்விட்டு எண்ணினேன். ஒன்பது.

அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "சரி, இன்னும் ஒரு நாள் இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலமே ஒன்பது கபினாவுக்கும் நடந்தாள். வெள்ளிக்கிழமை எங்கும் காகிதம் ஒட்டவில்லை.

"என்ன தோன் செலே, பேப்பரு எங்க?" என்று முதலில் வந்து நின்றவள் மருகிதா, சாந்தா எதுவிகிஸ் படகில் சமையல் செய்கிறவரின் மனைவி.

"இன்னிக்கு ஒவ்வொருத்தரா உள்ள வந்து உக்காந்துதான் பாக்கணும்."

"காசு?"

"ஒண்ணும் வேணாம்."

"நீங்க காசு வேணாங்கிறீங்களா? ஏதோ வில்லங்கம் இருக்கு, கொமாத்ரே, ஜாக்கிரதை!" என்றாள் பின்னால் நின்ற தோழியிடம். வரிசையே சிரித்தது.

இதில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. ஒரு மெஷினில் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் உவெய்யா ஒரே ஆள் என்றுதான் எண்ணும். அதனால் ஒவ்வொருத்தி எழுந்ததும் நான் குனிந்து மெஷினின் நினைவைத் துடைத்தேன். இருக்கிற ஆளை இருப்பதாகக் காட்டுவதற்கு, திருடன் மாதிரி தடத்தை அழித்துக்கொண்டிருந்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. ஒன்பது கபினாவிலும் அதே கூத்துதான்.

ஐந்து மணிக்கு சொய்லாவும் நானும் தோன் அதால்பெர்தோவின் அறைக்குப் போனோம். அவரே கம்ப்யூட்டரில் திறந்தார். மேலே ஒரு அறிவிப்பு: மேம்படுத்தும் பணி நடக்கிறது, இன்றைய கணக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்தில் வரும். கீழே நேற்றைய ஒன்பது.

"நாளன்னிக்கு வந்துரும், தோன் அதால்பெர்தோ. இன்னிக்கு நூத்துக்கணக்குல பாத்திருக்காங்க."

"சைபர் வந்துச்சு, தப்புன்னே. ஒம்பது வந்துச்சு, அதுவும் தப்புன்னே. உனக்குப் புடிச்ச நம்பர் வர்ற வரைக்கும் நான் காத்திருக்கணுமா, சொய்லா?"

அந்த ஒன்பது சரியான கணக்கு என்பது இப்போது அவளுக்குத் தெரியும். பக்கத்தை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கணக்கு வந்தது: அறுநூற்றுப் பதினொன்று. அவள் அதைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். "எடுத்தது எடுத்ததுதான்" என்றார் முதலாளி. அடுத்த வாரமே சொய்லா மீன் டப்பா ஆலைக்குத் திரும்பினாள், நாற்பத்து நாலு வயதில், பதினாறு வயதுப் பிள்ளைகளோடு நின்றுகொண்டு நெத்திலி அடுக்க.

ஆகஸ்டில் உவெய்யா நாடு முழுக்க விளம்பரம் கொடுத்தது. எங்கள் பத்திரிகையும் காசு வாங்கிக்கொண்டு, படகுப் பட்டியல் இருந்த அதே இடத்தில் அதைப் போட்டது. சிவப்புக் கோடு ஒன்று கீழேயே படுத்துக் கிடந்து, கடைசியில் செங்குத்தாக எழும்பி நின்றது. அதன் கீழே, "ஒன்பதிலிருந்து அறுநூற்றுப் பதினொன்று, ஒரே நாளில்!" சொய்லாவின் கணக்கு. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, சண்டாளர்கள்.

அந்த வாரம் சாந்தா எதுவிகிஸ் திரும்ப வேண்டிய நாள் கடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மருகிதா உள்ளே வந்து, கையிலிருந்த காசை மேஜைமேல் வைத்து, பட்டியலைத் திற என்றாள். பட்டியல் இல்லையம்மா என்று எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. திறந்து காட்டினேன். சிவப்புக் கோட்டையே உற்றுப் பார்த்தாள்.

"இந்த அறுநூத்திப் பதினொண்ணுங்கிறது எங்க வீட்டுக்காரரு படகா, தோன் செலே?"

"இல்லம்மா. அது படகு இல்ல. அது நீங்க. அன்னிக்கு வரிசையில நின்னீங்களே, நீங்கல்லாம்தான்."

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான் இங்கதானே இருக்கேன்" என்றாள். "படகு எங்க?"